கொழுந்தனார் வாங்கிய ஸ்பீக்கர் காட்டுக்கு வரலாமா?

செந்தூலிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பள்ளி விடுமுறையில் குடும்பமும் கணவரின் நண்பர்களுமாகப் பதினைந்து பேர் சிலாங்கூரில் ஹுலு லங்காட் பக்கம் போகிறார்கள். ஆற்றோரம் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் குனோங் நுவாங் மலைப் பாதையில் முடிந்த மட்டும் ஏறுவதாகத் திட்டம். முகநூலில் கண்ட ஓர் ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டியாயிற்று. தலைக்கு 150 ரிங்கிட், பெர்மிட் அடக்கம், 'கரோக்கே இரவு' இலவசம். அதற்கென்றே கொழுந்தனார் தோளில் மாட்டும் அளவுக்குப் பெரிய புளூடூத் ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறார். போன முறை வேறோர் இடத்தில் பக்கத்துக் கூட்டம் இரவு இரண்டு மணிவரை பாட்டுப் போட, பேச்சு முற்றி அடிதடி வரை போனதாம். சகோதரி கேட்பது மூன்று விஷயங்கள். சத்தத்தைக் குறைத்து வைத்தால் ஸ்பீக்கர் கொண்டுபோகலாமா? பழைய பாட்டு கேட்காமல் தூக்கம் வராத மாமனாருக்கு என்ன வழி? பக்கத்தில் சத்தம் போடுகிறவர்களிடம் சண்டை வராமல் எப்படிச் சொல்வது?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கர் வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும்.

"குறைச்சு வச்சுக்கிறோம்" என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். யாருடைய காதுக்குக் குறைவு என்பதில்தான் தகராறு. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். ஸ்பீக்கருக்கு ஒரு மீட்டர் தள்ளி 85 டெசிபல் என்றால், 32 மீட்டர் தள்ளி இருக்கும் கூடாரத்தில் ஏறக்குறைய 55. யாரோ உங்கள் கூடாரத்துக்குள்ளேயே உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். அதோடு, பாட்டின் மேல்ஸ்தாயிகளை இலையும் மரமும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், அடித்தாளம் மட்டும் தாண்டிப் போகும். உங்களுக்கு அது இனிமையான பாட்டு, பக்கத்துக் கூடாரத்துக்காரருக்கு விடிய விடிய டும் டும். கூடாரத் துணி எந்தச் சத்தத்தையும் தடுக்காது.

இதெல்லாம் மரியாதை சம்பந்தப்பட்டது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஆறு.

மேலே மலையில் மழை கொட்டும், கீழே நீங்கள் இருக்கும் இடத்தில் நட்சத்திரம் தெரியும். இங்கே எல்லாரும் 'கெப்பாலா ஆயர்' என்று சொல்லும் திடீர் வெள்ளம் அப்படித்தான் வரும். தெளிந்த தண்ணீர் தே தாரிக் நிறத்துக்கு மாறும், இலையும் சுள்ளியும் மிதந்து வரும், பாறையில் நீர்மட்டம் ஏறும், மேலேயிருந்து ஓர் இரைச்சல் கேட்கும். பகலில் இந்த நான்கில் ஏதாவது ஒன்று கண்ணில் படும். ராத்திரி மூன்று மணிக்கு முதல் மூன்றையும் யார் பார்ப்பது? மிச்சமிருப்பது அந்த இரைச்சல் ஒன்றுதான். அதையும் கரோக்கேயில் மூழ்கடித்துவிட்டு, ஆற்றிலிருந்து பத்தடியில் பிள்ளைகளைப் படுக்கவைத்தால் காப்பாற்ற யாரும் இல்லை. வழிதவறிப் போனவர்களைத் தேடும்போதும் இதே கதைதான். தேடுகிறவர்கள் கூப்பிட்டுவிட்டு, எல்லாரும் வாயை மூடிக்கொண்டு பதில் வருகிறதா என்று காது கொடுப்பார்கள். பக்கத்து முகாமில் குத்துப்பாட்டு ஓடினால் விசில் சத்தம்கூடக் கேட்காது.

மிருகங்களைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. காலையில் அந்த மலையில் சியாமாங் குரங்குகள் கூவும் சத்தத்தைப் பிள்ளைகள் ஒரு தடவை கேட்டால், ஸ்பீக்கரை அவர்களே மறந்துவிடுவார்கள்.

சரி, இப்போது அந்த ஏற்பாட்டாளர். சகோதரி அவரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் எனக்கு முதலில் உறுத்தியது அவர்தான். காட்டுக்குள் 'கரோக்கே இரவு' என்று விளம்பரம் செய்கிறவருக்குக் காடும் தெரியாது, சட்டமும் தெரியாது, அல்லது இரண்டையும் பற்றிக் கவலை கிடையாது. நிரந்தர வனக்காப்பகத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்தால், மலேசியாவின் 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி 10,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மாட்டிக்கொள்வது காட்டுக்குள் நிற்கிறவர்கள். வாட்ஸ்அப்பில் பணம் வாங்கினவர் அன்றைக்குக் கைப்பேசியை அணைத்துவிடுவார்.

"பெர்மிட் அடக்கம்" என்று போட்டிருந்தால் பெர்மிட் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இன்றைக்கே அவரிடம் பெர்மிட்டின் நகலைக் கேளுங்கள். அதில் தேதி இருக்க வேண்டும், இடத்தின் பெயர் இருக்க வேண்டும், உங்கள் பதினைந்து பேரும் போகிறீர்கள் என்பது இருக்க வேண்டும். இன்னும் யாரிடமும் அடையாள அட்டை எண்ணே வாங்கவில்லை என்றால், எதை வைத்து விண்ணப்பித்தார் என்று கேளுங்கள். அடுத்து வழிகாட்டி. வனத்துறையின் அங்கீகாரம் பெற்ற மலை வழிகாட்டியை மாலிம் குனோங் என்பார்கள், அவரிடம் அட்டை இருக்கும். அவர் பெயரைக் கேளுங்கள். "நம்ம பையன்தான், பலமுறை ஏறியிருக்கான்" என்று பதில் வந்தால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடைசியாக, எந்த நேரத்திலிருந்து அமைதி, மழை பெய்தால் கூடாரங்களை எங்கே மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். இதற்குத் தயங்காமல் பதில் சொல்கிறவர் உருப்படியான ஆள். தடுமாறினால் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பாதியாவது வரும்.

இன்னொரு வகையும் இருக்கிறது. பறவைப் படம் எடுக்கக் கூட்டிப்போகிறேன் என்று காசு வாங்கி, பறவையின் குரலைக் கைப்பேசியில் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுகிறவர்கள். தன் எல்லைக்குள் வேறோர் ஆண் வந்துவிட்டது என்று நினைத்து அந்தப் பறவை கூட்டை விட்டு வெளியே வரும், படம் அருமையாக விழும். முட்டையோ குஞ்சோ என்ன ஆயிற்று என்று படத்தில் தெரியாது.

2022 டிசம்பர் 16 அதிகாலை பத்தாங் காலியில் முகாமிட்டிருந்தவர்கள் மேல் மலைச்சரிவு இறங்கி 31 பேர் இறந்துபோனார்கள். அப்போது முகாம் உரிமம், கண்காணிப்பு என்று எல்லா இடத்திலும் ஒரே பேச்சு. இப்போது ஒரு சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மேல் எந்த ஆற்றோரத்திலாவது ஓர் அதிகாரியைக் காட்டுங்கள் பார்க்கலாம். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 15 மீட்டர் தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டினால் குற்றம் என்று விதியிலேயே எண் போட்டு எழுதியிருக்கிறார்கள், இரவு 10 முதல் காலை 6 வரை தேவையில்லாத சத்தம் தனிக் குற்றம். அதைச் சொல்ல ஒரு ரேஞ்சரும் நடந்து வருவார். நம் ஊரில் "புவாட் பிசிங்" (சத்தம் போடுவது) கூடாது என்று ஒரு பலகை இருக்கும், அதன் மேலேயே யாராவது ஈரத் துண்டைக் காயப்போட்டிருப்பார்கள்.

மாமனார் விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒருவருக்கு மட்டும் நான் விலக்குக் கொடுப்பேன். வயதானவருக்குப் பழக்கமில்லாத இடம், தரையில் படுக்கை. பாட்டும் இல்லையென்றால் இரவு முழுக்கப் புரண்டுகொண்டிருப்பார், மறுநாள் நடக்க முடியாது. அவர் கேட்கட்டும், காதில் மாட்டிக்கொண்டு கேட்கட்டும். ஆனால் ஒரு காதில் மட்டும். மற்றக் காது திறந்தே இருக்க வேண்டும், ஆற்றுக்காகத்தான். வெளிச்சத்தத்தை வடிகட்டும் வகை இயர்போன் என்றால் அந்த வசதியை அணைத்துவிடுங்கள். வயர் உள்ள சாதாரண இயர்போனே நல்லது. வயர் இல்லாத சின்னத் துண்டு இருட்டில் கழன்று விழுந்தால், டார்ச் அடித்துத் தேடி முகாமையே எழுப்பிவிடுவீர்கள். பள்ளத்தாக்கில் இணையத்தை நம்ப முடியாது, அதனால் பாட்டுகளை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். மின்னல் எஃப்எம்தான் வேண்டும் என்றால் சட்டைப்பை ரேடியோ ஒன்றை எடுத்துப் போகலாம். மலை மறைத்தால் கரகரப்புதான் வரும், அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவையுங்கள். கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, அரை மணி நேரத்தில் தானாக நிற்கும்படி டைமர் வையுங்கள். பவர் பேங்க்கின் சார்ஜ் பாட்டுக்குப் போய், அவசரத்துக்கு 999 கூப்பிட இல்லாமல் போகக் கூடாது.

"எனக்கு இந்த வயரெல்லாம் சரிப்படாதும்மா" என்று அவர் சொல்வார். அதனால் போவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் பழக்குங்கள். தலையணைக்கு அடியில் கைப்பேசியை வைத்து மெல்ல ஓடவிடலாமே என்று உங்கள் கணவர் யோசனை சொன்னால், கூடாரத் துணியைப் பற்றி மேலே எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். மாமனாருக்கு ஏற்கனவே காது மந்தம் என்றால், நன்றாகக் காது கேட்கும் ஒருவர் அவர் பக்கத்தில் படுக்க வேண்டும். பத்து மணிக்கு முன்னால் அவரே வாய்விட்டுப் பாடினால் தாராளமாகப் பாடட்டும். மனிதக் குரலுக்கு எந்த முகாமிலும் நான் தடை சொன்னதில்லை. பிள்ளைகளின் வீடியோ கேம் கருவிக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது.

மூன்றாவது, பக்கத்துக் கூட்டம். போன முறை உங்கள் ஆட்கள் நள்ளிரவுக்கு மேல், தூக்கம் கெட்ட கோபத்தோடு, ஐந்தாறு பேராகப் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அப்படிப் போனால் சண்டை வராமல் என்ன செய்யும்? கூடாரம் அடித்து முடித்ததும், வெளிச்சம் இருக்கும்போதே போய் அறிமுகமாகிக்கொள்ளுங்கள். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நீங்களே போவது உத்தமம். இரவு எத்தனை மணிக்குப் படுப்பார்கள் என்று கேட்டுவிட்டு, நாங்கள் பத்து மணிக்குப் படுத்துவிடுவோம் என்று சொல்லுங்கள். அப்புறமும் சத்தம் வந்தால் ஒருவர் மட்டும் போக வேண்டும். டார்ச்சைத் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொள்ளுங்கள், முகத்தில் அடித்தால் பேச்சு தொடங்கும் முன்பே கெட்டுவிடும். "பாங், போலே பெர்லாஹான் சிக்கிட்? புடாக் டா நாக் திடூர்" என்று, கொஞ்சம் குறைக்க முடியுமா எனக் கேட்டு, பிள்ளை தூங்கப் போவதைச் சொன்னால் பெரும்பாலும் குறைத்துவிடுவார்கள். சட்டம், அபராதம் என்று ஆரம்பிக்காதீர்கள்.

அவர்கள் குடித்திருந்தால் போகவே வேண்டாம். உங்கள் வழிகாட்டியிடம் சொல்லுங்கள், அது அவர் வேலை. கூடாரத்தை நகர்த்த முடிந்தால் மேட்டுப் பக்கம் நகர்த்துங்கள். ஆற்றின் ஓசை பாட்டை மறைக்கும் என்று தண்ணீர்ப் பக்கம் மட்டும் போகாதீர்கள். காதில் பஞ்சு அடைப்பான் வைத்துக்கொண்டு தூங்கலாம், ஆனால் பெரியவர்களில் ஒருவராவது அடைக்காமல் இருக்க வேண்டும், முறை மாற்றிக்கொள்ளுங்கள்.

காலையில் இடம், நேரம், வாகன எண் மூன்றையும் குறித்து வனத்துறை மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள். நான் ஒரு தடவை ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன், அது தங்கள் எல்லை இல்லை என்று இன்னோர் அலுவலகத்தைக் காட்டினார்கள், அவர்கள் மூன்றாவதைக் காட்டினார்கள், மூன்றாவது இடத்திலிருந்து "உங்கள் புகார் பெறப்பட்டது" என்று ஒரு வரி வந்தது. நீங்களும் எழுதுங்கள். மூன்று இடத்துக்கும் ஒரே நாளில் அனுப்பிவிட்டால் அலைச்சலாவது மிச்சம்.