மூன்று வேலை, ஒரு கூலி

கேள்வி: ஐயா, எனக்கு 27 வயது. ஊர் முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளை. மருதனார்மடத்தில் நடனம் படித்துப் பட்டம் எடுத்துவிட்டு ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருக்கிறேன். வீட்டு விறாந்தையில் 32 பிள்ளைகளுக்குப் பரதம் பழக்குகிறேன். ஆளுக்கு மாதம் 1,500 ரூபாய். தமிழ்த்தினப் போட்டிக்குப் பாடசாலைகளுக்கு நடனம் அமைத்துக் கொடுக்கிறேன். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிச் சோடனை, சாமத்திய வீட்டு (பூப்புனித நீராட்டு விழா) மேடை வேலையும் வருகிறது. கையில் 2 லட்சம் இருக்கிறது. புதுக்குடியிருப்பில் 12,000 ரூபாய் வாடகைக்கு ஒரு மண்டபம் எடுத்து, 6 லட்சம் கடனில் மேடை விளக்குகள் வாங்கி, மூன்றையும் ஒரே தொழிலாக நடத்தலாமா? வருடத்துக்கு 18 வீத வட்டி, 3 வருடத்தில் கட்டி முடிக்கலாம் என்கிறார்கள்.

பதில்: தங்கச்சி, மூன்றையும் சேர்க்கிற யோசனை சரி. கடன்தான் பிழை.

அந்த 18 வீதத்தை முழு 6 லட்சத்துக்கும் கடைசி மாதம் வரை போடுகிறார்கள். 3 வருட வட்டி 3,24,000. மாதத் தவணை ஏறத்தாழ 25,700 ரூபாய். கட்டக் கட்டக் கடன் முதல் குறைவதைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால் உண்மை வட்டி 30 வீதத்தைத் தொடுகிறது. வகுப்பில் வருவது 48,000. தவணையும் மண்டப வாடகையும் போனால் 10,000 சொச்சம் மிஞ்சும். அதுவும் 32 பேரும் காசு தருகிற மாதத்தில். ஐப்பசி, கார்த்திகை மழையில் எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியாததா? திறந்தவெளி மேடை வேலையும் அப்போது படுத்துவிடும். விளக்கு வேண்டிய நாளில் வாடகைக்கு எடுங்கள், அந்தச் செலவை விழாக்காரரின் பில்லில் போடுங்கள்.

நீங்கள் செய்வது மூன்று வேலை. ஒழுங்காகக் கூலி வருவது ஒன்றுக்குத்தான். நடனம் அமைத்துக் கொடுத்ததற்கு எவ்வளவு வாங்கினீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. ஒரு சால்வையும் குளிர்பானமுமாக முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். (இந்தச் சால்வைப் பழக்கத்தின் மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு.) பாட்டுத் தெரிவு, அமைப்பு, ஒத்திகை நாட்கள், உடை ஆலோசனை என்று பிரித்து விலை எழுதுங்கள். ஒத்திகை நாள் கூடினால் காசும் கூட வேண்டும்.

சோடனையில் வேறு ஓட்டை. 45,000 ரூபாய் வேலை என்று வையுங்கள். ரெஜிபோம் (வெள்ளை நுரை அட்டை), துணி, பெயின்ட் 28,000, உதவிக்கு வந்த பொடியன்களுக்கு 8,000. ஆறு நாள் மினக்கெட்ட உங்களுக்கு 9,000, நாளுக்கு 1,500. மேசனுக்குக் கைக்கு நிற்பவர் அதைவிடக் கூட உழைப்பார். வெட்டின ரெஜிபோமோ விழா முடிந்த மறுநாள் குப்பை. ஆகவே 2 லட்சத்தில் ஒரு லட்சத்துக்குக் குறைவாக எடுத்து, 8 அடிக்கு 4 அடியில் கழற்றிப் பூட்டக்கூடிய சட்டங்கள் பத்துச் செய்யுங்கள். சட்டம் அப்படியே இருக்கும், துணியும் வர்ணமும் மட்டும் மாறும். மாசியில் விளையாட்டுப் போட்டி, வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் காலம், ஆவணியில் வெளிநாட்டுச் சனம் வந்து வைக்கிற சாமத்திய வீடு, புரட்டாதியில் வாணி விழா எல்லாவற்றுக்கும் அதே சட்டம்தான். சும்மா கிடக்கிற நாளில் வாடகைக்கும் விடலாம்.

மிச்சக் காசு மழை மாதங்களுக்கு. நிலையான வைப்பில் பூட்டாமல் சேமிப்புக் கணக்கிலேயே விடுங்கள். அம்மாவின் நகை அடகுக் கடைப் பக்கம் போகாமல் இருக்க அதுதான் வழி.

பிரதேச செயலகத்தில் தொழிற்பெயரைப் பதிந்து அந்தப் பெயரில் வங்கிக் கணக்குத் திறங்கள், பாடசாலைக் காசோலையை மாற்ற உதவும். வருமான வரி பற்றி இப்போதைக்குப் பயம் வேண்டாம். 2025 ஏப்ரலில் இருந்து வருடம் 18 லட்சம் வரை வரி இல்லை.

மண்டபம்? விறாந்தை கொள்ளாத அளவுக்குப் பிள்ளைகள் வரட்டும். அதுவரை சனி, ஞாயிறு மட்டும் ஒரு சனசமூக நிலையத்தைக் கேட்டுப் பாருங்கள். நியமனம் வந்தால் யோசிக்காமல் எடுங்கள், பின்னேர வகுப்பை விடாதீர்கள். அதற்கு முன்னம், அடுத்த அதிபர் "ஒரு பாட்டுக்கு ஆட்டம் போட்டுத் தாங்கோ பிள்ளை" என்று கேட்டால் உடனே ஓம் சொல்லாமல், விலை எழுதின தாளை நீட்டுங்கள்.