நான்கு மாதக் குழந்தை மணிக்கொரு முறை எழுகிறாள்

கேள்வி: எனக்கு முதல் குழந்தை, பெண். நான்கு மாதம் முடிந்துவிட்டது. பிறந்தபோது 2.8 கிலோ இருந்தாள். 14ஆம் வாரத் தடுப்பூசியின்போது 5.8 கிலோ. தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறேன். இரவு 8 மணிக்குத் தூளியில் போட்டு ஆட்டினால் தூங்கிவிடுவாள். நான் பாத்திரம் கழுவி, துணி அலசிப் போட்டுப் படுக்க 11 மணி ஆகும். அப்போது விழிப்பவள், விடியும்வரை மணிக்கொரு முறை எழுந்து அழுகிறாள். கணவர் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் வேலை பார்ப்பதால் அதிகாலை 3 மணிக்கே கிளம்பி, நண்பகலில்தான் திரும்புவார். 'பால் பத்தவில்லை, கேழ்வரகுக் கூழ் கொடு, விடியவிடியத் தூங்கும்' என்கிறார் அத்தை. சென்ற வாரம் எரிச்சல் தாங்காமல் குழந்தையைத் தூளியில் வெடுக்கென்று போட்டுவிட்டேன். அவளைத் தூங்க வைக்க ஒரு வழி சொல்லுங்கள்.
– வாசகி, திருமங்கலம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

குழந்தைக்கு நோய் என்று ஐயப்படும்படியான அறிகுறி எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. வீட்டில் பெரியவர்கள் மூவர் இருந்தும் இரவு முழுவதும் உங்கள் ஒருவர் தலையிலேயே விழுகிறது என்பதுதான் எனக்குத் தெரிகிறது. ஆகவே நீங்கள் தூங்குவதற்கான வழியையும் சேர்த்தே சொல்கிறேன்.

பால் பற்றிய ஐயத்தை முதலில் தீர்த்துவிடலாம். பிறந்த எடை இருமடங்காகப் பொதுவாக ஐந்து மாதம் வரை ஆகும். உங்கள் மகள் 14 வாரத்திலேயே அதைத் தாண்டிவிட்டாள். நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீரும் கழிக்கிறாள் என்றால் பால் பற்றாக்குறை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பாலைத் தவிர தண்ணீர்கூடத் தேவையில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அத்தையின் கேழ்வரகுக் கூழுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அப்போது அவர் கையாலேயே காய்ச்சிக் கொடுக்கட்டும். வசம்பை உரைத்துப் புகட்டுவது, கிரைப் வாட்டர் ஆகிய இரண்டும் வேண்டாம்.

பிறகு ஏன் எழுகிறாள்? தாய்ப்பால் ஏறக்குறைய 2 மணி நேரத்தில் செரித்துவிடுவதால் இரவில் சில முறை பசிப்பது இயல்பே. அதோடு, நான்காவது மாதத்தை ஒட்டிக் குழந்தையின் தூக்கம் பெரியவர்களின் தூக்கத்தைப் போல ஆழ்ந்த நிலையும் மேலோட்டமான நிலையுமாக மாறி மாறி அமையத் தொடங்குகிறது. அந்தச் சுற்று நமக்கு ஏறத்தாழ 90 நிமிடம் என்றால் குழந்தைக்கு 50 முதல் 60 நிமிடம்தான். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் லேசான விழிப்பு வரும். நாம் புரண்டு படுத்து மறுபடி உறங்கிவிடுகிறோம். ஆட்டத்திலேயே உறங்கிப் பழகிய குழந்தையோ, விழித்ததும் அந்த ஆட்டத்தைத் தேடி அழுகிறது. நீங்கள் எழுதியிருக்கும் 'மணிக்கொரு முறை' இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

அதனால் தினமும் ஒரு முறையாவது, கண் சொருகத் தொடங்கியதும் ஆட்டுவதை நிறுத்தி, பாயில் மல்லாந்து படுக்க வைத்து, மார்பில் மெதுவாகக் கை வைத்திருங்கள். முதல் சில நாட்கள் பலிக்காது; வற்புறுத்தவும் வேண்டாம். இரவில் முனகியவுடன் தூக்காமல் ஓரிரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பல முனகல்கள் தூக்கத்திலேயே எழுபவைதான். ஆனால், அழ விட்டுப் பழக்குவது என்று சிலர் சொல்வதை இந்த வயதில் நான் ஏற்கமாட்டேன்.

தூளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேலை வளைந்து தொங்குமிடத்தில் குழந்தையின் முகவாய் மார்போடு ஒட்டி மூச்சுக்கு இடைஞ்சலாகலாம். துணியும் முகத்தில் மூடிக்கொள்ளலாம். ஆகவே அயர்ந்ததும் தலையணை இல்லாத சமமான படுக்கைக்கு மாற்றிவிடுங்கள். படுத்தவாறு பால் கொடுக்கும்போது உங்களுக்கே கண் அயரும் என்பதால், கட்டிலை விடத் தரையில் விரித்த பாய் நல்லது. சோபாவில் உட்கார்ந்து கொடுப்பதைத் தவிருங்கள். குடித்தவரோ, புகைப்பவரோ, தூக்க மாத்திரை சாப்பிட்டவரோ குழந்தையின் பக்கத்தில் படுக்கக் கூடாது.

இனி உங்கள் தூக்கம். குழந்தை நீளமாகத் தூங்குவது 8 மணியிலிருந்து 11 மணி வரைதான். அந்த மூன்று மணி நேரத்தைத்தான் நீங்கள் பாத்திரத்துக்கும் துணிக்கும் கொடுத்துவிடுகிறீர்கள். நாளை முதல் அவளோடு நீங்களும் படுத்துவிடுங்கள். பாத்திரம் காலையில் கழுவினாலும் பளபளக்கும். அதிகாலையில் 5 மணி வாக்கில் பால் கொடுத்தபின் குழந்தையை அத்தையிடம் ஒப்படைத்து 7 மணி வரை தூங்கலாம். கணவர் வீடு திரும்பிச் சற்று ஓய்வெடுத்தபின், மாலையில் ஒரு மணி நேரம் குழந்தை அவர் பொறுப்பு. ஒரு வேளைக்குப் பால் பீய்ச்சி வைத்தால் அத்தையே பாலாடையில் புகட்டிவிடுவார். ஆனால் மதுரை வெயிலில் அதை வெளியே வைக்காமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இந்த ஏற்பாட்டைப் பற்றி நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்பதை விட, உங்கள் கணவரே தம் அம்மாவிடம் பேசுவது நல்லது என்பது என் கருத்து.

காலை வெயில் ஏறுமுன் குழந்தையைச் சிறிது நேரம் வாசலில் வைத்திருங்கள். இரவில் ஜீரோ வாட் பல்பு போதும், செல்போன் வெளிச்சம் வேண்டாம். பகல் எது, இரவு எது என்று உடல் அறிந்துகொள்ள இது உதவும்.

வெடுக்கென்று போட்டுவிட்டதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தூக்கமின்மை யாரையும் அந்த இடத்துக்குத் தள்ளும். மறுபடி அப்படி எரிச்சல் மூண்டால், குழந்தையைப் பாயில் மல்லாந்து கிடத்திவிட்டு, அழுதாலும் பரவாயில்லை என்று ஐந்து நிமிடம் வெளியே வந்து நில்லுங்கள், அல்லது அத்தையை எழுப்புங்கள். எக்காரணம் கொண்டும் குழந்தையை உலுக்கக் கூடாது. மூளையில் இரத்தக் கசிவு ஏற்படலாம்.

காய்ச்சல், வேகமான மூச்சு, பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராமலிருந்தாலோ, காரணமின்றி அழுகை வந்தாலோ, குழந்தைக்கோ உங்களுக்கோ தீங்கு செய்துவிடுவோமோ என்ற எண்ணம் எழுந்தாலோ, அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் தொலைபேசி எண் 14416. இரவு எந்நேரமும், கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.