மூன்று மாதம் தூங்கிய மெஷின்

கேள்வி: புல் வெட்டும் மெஷின் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின். மூன்று மாதம் எடுக்கவே இல்லை. இப்போது கயிற்றை இழுத்தால் சோக் போட்டிருக்கும்வரை ஓடுகிறது, சோக்கை எடுத்ததும் நின்றுவிடுகிறது. கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். பிளக், ஏர் ஃபில்டர், ஆயில் சேர்ந்த சர்வீஸ் கிட் போதும் என்கிறார் கடைக்காரர். எதை வாங்குவது?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறி, ஜெட் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் சிறு துளை) அடைத்துக்கொண்டதற்கானது. டேங்கில் விட்டுவைத்த பெட்ரோல் ஒரு மாதம் தாண்டினாலே கெட ஆரம்பிக்கும். மிச்சம் பிசின் மாதிரி ஆகி, ஊசித்துளை அளவே உள்ள ஜெட்டில் ஒட்டிக்கொள்ளும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும்.

பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் நிற்பதையும் சேர்த்துத்தான். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். புதுப் பெட்ரோல் ஊற்றியும் சரியாகவில்லையா? கார்புரேட்டரைக் கழற்றி, கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஜெட்டைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். உள்ளே அரித்துப்போய் வெள்ளையாகப் பூத்திருந்தால் மெக்கானிக் சொன்னது நியாயம். ஆனால் அதைத் திறந்து உங்கள் கண்ணில் காட்டட்டும்.

கிட் வீண் என்று சொல்லவில்லை. இந்தக் கோளாறுக்கு அது மருந்தில்லை, அவ்வளவுதான். ஒன்றரை வருடத்தில் ஒருமுறையாவது ஆயில் மாற்றினீர்களா? அதைத்தான் நான் முதலில் கேட்பேன். இந்தச் சின்ன இன்ஜின்கள் பலவற்றில் ஆயில் ஃபில்டரே கிடையாது. தேய்ந்த உலோகத் துகள் எல்லாம் ஆயிலிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். புது இன்ஜினில் முதல் மாற்றம் சீக்கிரமே வந்துவிடும்: சில மாடல்களில் 5 மணி நேர ஓட்டத்தில், சிலவற்றில் 20-இல். அதற்குப் பிறகு எத்தனை மணி நேரம் என்பது கையேட்டில் இருக்கும். இன்ஜின் இளஞ்சூடாக இருக்கும்போது வடித்தால் அழுக்கும் சேர்ந்தே இறங்கும்.

ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் அலசி, காயவைத்து மறுபடி போடலாம். காகித ஃபில்டரை நனைக்கக் கூடாது. மெல்லத் தட்டிப் பாருங்கள், அழுக்கு போகாவிட்டால் புதிது. பிளக் எலெக்ட்ரோடு தேயாமல் இருந்தால் துடைத்து, இடைவெளியைச் சரிபார்த்தாலே போதும்.

அப்புறம் ஒன்று. பிளேடைச் சுத்தம் செய்ய மெஷினைச் சாய்க்கும்முன் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் மேலே இருக்கட்டும். அந்தப் பக்கம் கீழே வரும்படி சாய்த்தால் இன்ஜின் ஆயில் ஏர் ஃபில்டருக்குள் போய், அடுத்த முறை புகை கக்கும். இன்ஜினே போய்விட்டது என்று பயந்து இன்னொரு செலவு வைத்துக்கொள்வீர்கள்.

கேள்வி: இதே இன்ஜினுக்கு பைக் ஆயில் ஊற்றலாமா?

பதில்: கையேட்டில் போட்டிருக்கும் கிரேடும் ஏபிஐ தரமும் (API என்று தொடங்கும் ஆயில் தரக் குறியீடு) டப்பாவில் இருந்தால் தாராளமாக ஊற்றலாம். உதாரணமாக 10டபிள்யூ-30 (10W-30) கிரேடு கேட்டிருந்தால் அதேதான். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயிலை மட்டும் இதில் ஊற்றிவிடாதீர்கள். மெஷினைச் சமதரையில் வைத்து, ஆயில் அளவு காட்டும் குச்சியைப் (டிப்ஸ்டிக்) பாருங்கள். மேல்கோட்டைத் தாண்ட வேண்டாம்.