வறுமை ஒழியுமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் காசு கொடுக்கிற அஸ்வெசும திட்டத்தின் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போனவர்களில் நானும் ஒருத்தி. தரை சீமெந்தா மண்ணா, மோட்டார் சைக்கிள் இருக்கிறதா, நீண்டகால நோயாளி இருக்கிறாரா என்று கேட்டுக் கேட்டுப் பதிந்தோம். பட்டியல் வந்தபோது, சாப்பாட்டுக்கே கஷ்டப்படுகிற சில குடும்பங்கள் அதில் இல்லை. ஓரளவு வசதியானவர்கள் இருந்தார்கள். ஒஃபிஸ் வாசலில் வந்து சிலர் ஏசுகிறார்கள், சிலர் அழுகிறார்கள்.

எங்கள் சுவரில், 2030க்குள் உலகில் வறுமையே இருக்காது என்ற ஐ.நா. இலக்குப் போஸ்டர் ஒட்டியிருக்கிறது. பார்த்தால் சிரிப்பு வருகிறது. என் மேலதிகாரி, "காசு கொடுத்துப் பழக்கினால் சனம் சோம்பேறியாகிவிடும், மீனைக் கொடுக்காமல் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்" என்பார். சீனாவும் கேரளாவும் ஒழித்துவிட்டோம் என்கின்றன. உலகத்தில் வறுமையை ஒழிக்க முடியும் என்று நீங்கள் நம்புகிறீர்களா? உதவியை இப்படித் தெரிந்தெடுத்துக் கொடுப்பதுதான் சரியான வழியா?

நிரோஜா

அன்புள்ள நிரோஜா,

2030க்குள் நடக்காது. போஸ்டரைப் பார்த்து நீங்கள் சிரிப்பதில் தப்பில்லை. ஆனால் ஒழிக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்றுதான் சொல்வேன். நான் சொல்வது கடும் வறுமையை, அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தெரியாத நிலையை. ஊரில் ஒருவர் மற்றவரைவிட வசதி குறைந்தவராக இருப்பது வேறு விஷயம்.

முதலில் கணக்கு. உலக வங்கி 1990இல் நாளுக்கு ஒரு டொலர் என்று ஒரு கோடு போட்டது. அது ஏறி ஏறி 2025 ஜூனில் 3 டொலர் ஆகியிருக்கிறது. இது வங்கியில் மாற்றுகிற டொலர் இல்லை. அமெரிக்காவில் 3 டொலருக்கு வாங்கக்கூடியதை இங்கே வாங்க எவ்வளவு காசு வேண்டுமோ அவ்வளவு. அந்தக் கோட்டுக்குக் கீழே இன்று 80 கோடிப் பேர் அளவில் இருக்கிறார்கள், உலகத்தில் பத்தில் ஒருவர். 1990இல் ஐந்தில் இரண்டு பேர் அப்படி இருந்தார்கள். சும்மா தட்டிக்கழிக்கக்கூடிய மாற்றம் இல்லை இது.

சரி, அந்த 80 கோடிப் பேரிடமும் ஒரு சதம்கூட இல்லை என்றே வைத்துக்கொள்வோம். (இருக்கிறது. எல்லாரும் ஏதோ உழைக்கிறார்கள்.) ஆளுக்கு நாளுக்கு 3 டொலரையும் முழுதாக நாமே கொடுப்பதென்றால் வருடத்துக்கு 876 பில்லியன் டொலர் வரும். உலகத்தின் ஒரு வருட உற்பத்தி 100 ட்ரில்லியன் டொலருக்கு மேல். நூறு ரூபாயில் ஒரு ரூபாய்கூட இல்லை. பணக்கார நாடுகள் தங்கள் வருமானத்தில் 0.7 சதவீதத்தை உதவியாகக் கொடுக்க வேண்டும் என்று ஐ.நா.வில் தீர்மானம் வந்தது 1970இல். நோர்வே, சுவீடன், டென்மார்க் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளே அதைச் செய்து காட்டின. அமெரிக்கா தன் உதவி நிறுவனமான யூ.எஸ்.எய்டை 2025இல் மூடியே விட்டது.

ஆகவே காசு இல்லை என்ற கதையை நான் எடுப்பதில்லை. காசு போய்ச் சேர வழி இல்லாததுதான் பெரிய தடை. மிச்சமிருக்கிறவர்களில் பெரும்பாலானோர் சஹாராவுக்குத் தெற்கே ஆபிரிக்காவில் இருக்கிறார்கள், அதிலும் பலர் கொங்கோவைப் போலச் சண்டை ஓயாத நாடுகளில். அரசாங்கமே எட்டிப் பார்க்காத ஊரில் விதானையாருக்கு, அதுதான் கிராம அலுவலருக்கு, எங்கே போவது? நீங்கள் திட்டு வாங்குகிற அந்த ஒஃபிஸ் வாசல் அங்கே இல்லை. சண்டை நிற்காமல் அங்கே வறுமை நிற்கப் போவதில்லை, இதை யாழ்ப்பாணத்தில் இருக்கிறவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

சீனா சொல்வதில் அரசியல் உண்டு. 2021 பெப்ரவரியில் ஷி ஜின்பிங் மேடை போட்டு அறிவித்த வெற்றி அது. ஆனால் 40 வருடங்களில் 80 கோடி அளவான மக்கள் அங்கே கடும் வறுமையிலிருந்து வெளியே வந்ததை உலக வங்கியும் ஏற்றுக்கொள்கிறது. 1978இல் அன்ஹுயி மாகாணத்தில் ஷியாவ்காங் என்ற சிற்றூர் விவசாயிகள் கூட்டுப்பண்ணை நிலத்தை இரகசியமாகத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். பிறகு அரசாங்கமே அதை நாடெங்கும் அனுமதித்தது. எல்லாக் குடும்பத்துக்கும் பயிர்செய்யக் கொஞ்சம் நிலம் கிடைத்தது. அடிப்படைப் படிப்பும் வைத்தியமும் முன்பே ஊருக்குள் வந்திருந்தன. அதனால் வளர்ச்சி வந்தபோது அடியில் இருந்தவர் கையிலும் ஏதோ வந்து விழுந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பரப்புக் காணிகூடச் சொந்தமாக இல்லாதவர்கள் யார் யார் என்று எடுத்துப் பாருங்கள். பழைய சாதிக் கணக்கும், 1990இல் போரில் வலிகாமம் வடக்கிலிருந்து எழுப்பப்பட்டவர்களின் கணக்கும் ஒன்றாக வரும்.

இனி உங்கள் மேலதிகாரியின் மீன் கதை.

அவரைக் குருநகருக்கோ மயிலிட்டிக்கோ ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள். மீன் பிடிக்கத் தெரியாத ஆளைத் தேடிப் பார்க்கட்டும். மயிலிட்டிச் சனம் ஊரை விட்டு எழும்பியது 1990இல். துறைமுகம் திரும்பக் கிடைத்தது 2017இல். இடையில் அடுத்த ஊர்த் துறையில் நின்று தொழில் செய்தவர்களும் முகாமிலிருந்து கூலிக்குப் போனவர்களும் தொழிலை மறந்துவிடவில்லை. வந்து கடலில் இறங்கினால், இரவில் இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போகின்றன. வலை போய்விடும், வலைக்கு வாங்கிய கடன் போகாது. இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடைசெய்தது, படகுகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அப்புறம் 2022 ஓகஸ்டில், படகுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய் ஆனது. கடலுக்குப் போனால் நட்டம், போகாவிட்டால் பட்டினி. இதில் சோம்பேறித்தனம் எந்த இடத்தில் இருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள். மரியாதையாகவே கேளுங்கள், உங்களுக்கு வேலையும் முக்கியம்.

தோட்டக்காரர் கதையும் இதுதான். 1970களில் சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியபோது யாழ்ப்பாணத்து வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை. அந்தக் காசில் எத்தனையோ பேர் கல்வீடு கட்டினார்கள். 1977க்குப் பிறகு கதவு திறந்தது, வெளிநாட்டு மிளகாய் வந்தது, விலை விழுந்தது. அதே செம்மண், அதே கிணறு, இறைத்ததும் அதே ஆட்கள். (அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று சொல்லவில்லை. நாங்கள் கல்வீடு கட்டியபோது நாட்டின் மற்றப் பக்கங்களில் சனம் பாணுக்கு வரிசையில் நின்றது.)

வறியவர் என்று நாங்கள் சொல்கிறவர் பெரும்பாலும் வேலை செய்கிறவர்தான். விழும்போது பிடித்துக்கொள்ள அவருக்கு எதுவும் இல்லை, அவ்வளவுதான். ஒரு ஓப்பரேஷன், ஒரு வெள்ளம், ஒரு விலையேற்றம் போதும். உலக வங்கியின் மதிப்பீட்டில் இலங்கையின் வறுமை 2021இல் 13 சதவீதம், 2022இல் 25 சதவீதம். ஒரே வருடத்தில் அத்தனை பேர் திடீரென்று சோம்பேறி ஆனார்களா? இதனால்தான் ஒழித்து முடித்துப் பெட்டியைப் பூட்டலாம் என்கிற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒழிக்கலாம், ஒழித்தபடியே வைத்திருக்க வருடாவருடம் செலவழிக்க வேண்டும்.

கற்றுக்கொடுப்பதிலும் நாங்கள் குறை வைக்கவில்லை. போர் முடிந்த பிறகு சுயதொழில் என்ற பெயரில் வடக்கில் இறங்கிய தையல் மெஷின்களும் கோழிக்குஞ்சுகளும் கொஞ்சமா? ஒரு ஒழுங்கையில் ஐந்தாறு வீட்டில் மெஷின், தைக்கக் கொடுக்கத்தான் ஆளில்லை. பின்னாலேயே நுண்கடன் கம்பனிகள் வந்தன. கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டிய கடன், அதைக் கட்ட இன்னொரு கம்பனியில் கடன். கடைசியில் 2018இல், வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது.

பொருள் கொடுத்து உதவுகிற முறையில் உருப்படியாகப் பலன் தந்த ஒன்று பங்களாதேஷில் இருக்கிறது. பிராக் அமைப்பு 2002இல் தொடங்கியது. மிக வறிய குடும்பத்துக்கு ஒரு பசுவோ ஆடுகளோ கொடுப்பார்கள். அது பலன் தரும்வரை விற்றுத் தின்றுவிடாமல் இருக்கச் சாப்பாட்டுக்குக் காசும் கொடுப்பார்கள். ஒருவர் கிழமைதோறும் வந்து பார்ப்பார். இரண்டு வருடம் இப்படி. எதியோப்பியா, கானா, ஹொண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய நாடுகளில் இதே முறையைச் சோதித்த ஆய்வு 2015இல் வந்தது. 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் அதில் இருந்தார்கள். உதவி நின்று ஒரு வருடம் கழித்தும் பெரும்பாலான இடங்களில் அந்தக் குடும்பங்கள் முன்னைவிட நன்றாகவே இருந்தன. ஹொண்டுராஸில் சரிவரவில்லை, கொடுத்த கோழிகள் நோயில் செத்துப்போயின. உங்கள் மேலதிகாரிக்கு இன்னொரு தகவல்: பல நாட்டு உதவித் திட்டங்களை எடுத்து, காசு வாங்கியவர்கள் வேலையை விடுகிறார்களா என்று பானர்ஜியும் வேறு சிலரும் பார்த்தார்கள். அப்படி எதுவும் தென்படவில்லை.

உங்கள் கடைசிக் கேள்வி, தெரிந்தெடுத்துக் கொடுப்பது சரியா என்பது. இந்த நாட்டுக்கு இது புதிதல்ல. 1942இல் யுத்தகாலத்தில் தொடங்கிய கூப்பன் அரிசி எல்லாருக்கும் கிடைத்தது. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியபோது ஹர்த்தால் வெடித்து, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலக நேர்ந்தது. எல்லாரும் சாப்பிட்ட அரிசி, அதனால் கைவைத்தபோது எல்லாரும் தெருவுக்கு வந்தார்கள். 1978இல் அதை வருமானம் குறைந்த பாதிப் பேருக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். 1979இல் அரிசியை நிறுத்தி, குறித்த ரூபாய்க்கு உணவு முத்திரை கொடுத்தார்கள். விலைவாசி ஏறியது, முத்திரையில் அச்சடித்த தொகை ஏறவில்லை. சில வருடங்களில் அதன் பெறுமதி பாதியாகிவிட்டது. 1953இல் போல எந்த ஹர்த்தாலும் நடக்கவில்லை. ஏழைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிய ஒன்றைத் தேய விடுவது சுலபம், கேட்க ஆளிருக்காது.

அஸ்வெசுமவில் மிக வறியவர்களுக்கு 2023இல் மாதம் 15,000 ரூபாய். 2025இல் 17,500. அடுத்த விலையேற்றத்தில் இந்தத் தொகை என்னவாகும் என்பதை நீங்கள் கவனித்து வையுங்கள்.

தெரிந்தெடுப்பதற்கு ஒரு கோடு வேண்டும், கோட்டை யாராவது போட வேண்டும். அரசாங்கக் கணக்கில் 2016இல் இலங்கையின் வறுமை 4.1 சதவீதம், முல்லைத்தீவில் 12.7. 2019இல் நாட்டில் 14.3, முல்லைத்தீவில் 44.5. இடையில் முல்லைத்தீவில் பஞ்சம் வரவில்லை. 2002ஆம் ஆண்டுச் செலவை வைத்துப் போட்ட பழைய கோட்டை 2012/13க்குப் புதுப்பித்தார்கள், அவ்வளவுதான். அந்த 44.5இல் பெரும்பகுதிச் சனம் அதற்கு முன்பும் அங்கேதான் இருந்தது, கணக்கில்தான் இல்லை. உங்கள் ஒஃபிஸ் வாசலில் ஏசுகிறவர்களும் அப்படித்தான். மோட்டார் சைக்கிள் லீசிங்கில் எடுத்ததா, கட்டி முடிந்ததா, அதில்தான் மீன் ஏற்றி விற்கிறாரா என்பதெல்லாம் புள்ளி போடுகிற கணினிக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். மேன்முறையீட்டில் அதை எழுதுங்கள், நீட்டி எழுதுங்கள்.

கேரளா அந்த வேலையைத்தான் செய்தது. 64,006 குடும்பங்களைக் கண்டுபிடித்து, குடும்பத்துக்கு ஒரு திட்டம் போட்டார்கள். ஒருவருக்கு ரேஷன் அட்டை, ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு வீடு. 2025 நவம்பர் 1ஆம் திகதி கடும் வறுமை இல்லை என்று அறிவித்தார்கள். எப்படிக் கணக்கெடுத்தீர்கள், யாராவது விடுபட்டார்களா என்று அங்கேயே பொருளாதார அறிஞர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இருந்தாலும் உங்களைப் போன்ற ஒருவரின் கையில் முடிவெடுக்க இடம் கொடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. என் விருப்பத்தைக் கேட்டால், பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் அங்கவீனமானவர்களுக்கும் படிவமே இல்லாமல் எல்லாருக்கும் கொடுத்து, விலைவாசியோடு தொகை தானாக ஏற வைத்துவிட்டு, மிச்சத்துக்கு உங்களை வீடு வீடாக அனுப்பலாம்.

இதற்குக் காசு எங்கே என்று கேட்பார்கள். 2019 கடைசியில் வரிகளைக் குறைத்த நாடு இது. 2022இல் மொத்த வரி வருமானம் தேசிய உற்பத்தியில் நூற்றுக்கு எட்டுக்கும் கீழே இருந்தது. அதை நிமிர்த்த 2024 ஜனவரியில் வற் வரியை 18 சதவீதமாக்கினார்கள். சவர்க்காரம் வாங்குகிற கூலிக்காரரும் அதைக் கட்டுகிறார். சொத்து வரி என்ற பேச்சு வந்தால் மட்டும் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை எல்லாருக்கும் திடீரென்று ஏழ்மை வந்துவிடுகிறது. வெளிநாட்டில் இருந்துகொண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு மட்டும் வந்து திறக்கிற மாடிவீடுகளின் சொந்தக்காரர்களுக்கும்தான். அவர்களில் பலர் இதையும் வாசிப்பார்கள், நாளைக்கு எனக்கு நல்ல கடிதங்கள் வரும்.

அன்புடன்.