200 மெகாபிக்சல் போனில் 12 மெகாபிக்சல் படம் வருவது ஏன்? – கேமரா கேள்வி பதில்

கேள்வி: 200 மெகாபிக்சல் என்று பெட்டியில் போட்டிருந்த போனை வாங்கினேன். எடுக்கிற படமெல்லாம் 12 மெகாபிக்சலில்தான் பதிவாகிறது. கடையில் கேட்டால் ‘அப்படித்தான் சார் வரும்’ என்கிறார்கள். ஏமாந்துவிட்டேனா? – திண்டுக்கல் வாசகர்

பதில்: ஏமாறவில்லை. ஆனால், பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பது நீங்கள் பார்த்து வாங்கியிருக்க வேண்டிய எண் அல்ல.

கேமராவில் படத்தைப் பதிவு செய்யும் சென்சார் ஒரு சிலிக்கான் தகடு. அதிலுள்ள சின்னச் சின்னக் கட்டங்கள்தான் பிக்சல்கள்; பத்து லட்சம் பிக்சல் ஒரு மெகாபிக்சல். ஒளியின் துகளான ஃபோட்டான் அதில் விழுந்தால் ஓர் எலக்ட்ரான் விடுபடும். படம் பதிவாகும் நேரம் முழுக்க ஒவ்வொரு பிக்சலும் இப்படி விடுபட்ட எலக்ட்ரான்களைச் சேர்த்து வைக்கிறது. கடைசியில் அந்தச் சேமிப்பை மின்னழுத்தமாக அளந்து எண்ணாக மாற்றுகிறார்கள். சிலிக்கானுக்கு நிறம் தெரியாது. அதனால் பிக்சல்களின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் உண்டு. உங்கள் போன் வகை சென்சாரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் 16 பிக்சல்களுக்கு ஒரே நிறம். அந்த 16-ஐயும் கூட்டி ஒன்றாக்குவதால்தான் 200, 12.5 ஆகிறது.

கூட்டாவிட்டால் என்ன? ஃபோட்டான்கள் சீராக வருவதில்லை. ஒரு பிக்சலில் 10,000 எலக்ட்ரான் சேர்ந்தால் அதில் ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது 1 சதவீதம். கூட்டாத சின்னப் பிக்சலில் 100 எலக்ட்ரான்தான் சேர்ந்தது என்றால் ஏற்ற இறக்கம் 10. இது 10 சதவீதம். இரவுப் படங்களில் மணல் தூவியதுபோல் தெரிவது பெரும்பாலும் இதுதான். கேமரா அமைப்பில் 200 மெகாபிக்சல் முறை இருக்கும். நல்ல வெயிலில், கை ஆடாமல் எடுக்கும்போது மட்டும் பயன்படுத்துங்கள்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது ஒரு சின்னப் பெருக்கல் போதும். மெகாபிக்சல் எண்ணை, மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கொடுத்திருக்கும் பிக்சல் அளவால் இரண்டு முறை பெருக்குங்கள். சென்சாரின் பரப்பு சதுர மில்லிமீட்டரில் கிடைக்கும். பரப்பு பெரிதானால் சேரும் ஒளியும் அதிகம் என்பதால், பார்க்க வேண்டிய எண் இதுதான். 200 × 0.6 × 0.6 = 72. ஐம்பது மெகாபிக்சல், 0.64 மைக்ரான் என்றால் 20 சொச்சம்தான். அதே ஐம்பது, 1.6 மைக்ரான் என்றால் 128. ஒரே ‘50 எம்பி’ என்ற பெயரில் ஆறு மடங்கு வித்தியாசம்! விளம்பரத்தில் கூட்டிய பிறகான அளவை (2.4 மைக்ரான்) போட்டிருந்தால், கூட்டிய பிறகான 12.5-ஐத்தான் பெருக்க வேண்டும். 200-ஐ 2.4-ஆல் இரண்டு முறை பெருக்கினால் 1152 வரும். 36 × 24 மி.மீ. ஃபுல் ஃபிரேம் சென்சாரே 864 தான். போனுக்குள் அதைவிடப் பெரிதாக எதையும் வைக்க முடியாது.

லென்ஸின் எஃப் எண்ணையும் பாருங்கள். அது குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிது. எஃப்/2.4-ஐவிட எஃப்/1.7 லென்ஸ் சென்சாரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்கு ஒளி தரும்.

கேள்வி: ‘1 இன்ச் சென்சார்’ என்றால் 25.4 மி.மீ. தானே? – நாகர்கோவில் வாசகர்

பதில்: இல்லை. பழைய டிவி கேமராக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்து வந்த பெயர் அது. உண்மையான மூலைவிட்டம் சுமார் 16 மி.மீ. பெயரை விட்டுவிட்டு மேலே சொன்ன பெருக்கலை நம்புங்கள்.

கேள்வி: பழைய டிஎஸ்எல்ஆர் வாங்கப் போகிறேன். சென்சார் நன்றாக இருக்கிறதா என்று பணம் கொடுக்குமுன் எப்படிப் பார்ப்பது? – மதுரை வாசகி

பதில்: உங்கள் மெமரி கார்டு ஒன்றைக் கொண்டுபோங்கள். இரண்டு படம் எடுத்தால் முக்கால்வாசி தெரிந்துவிடும்.

முதல் படம் தூசிக்கு. அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/16, ஐஎஸ்ஓ (ஒளி உணர்வு எண்) 100. ஃபோகஸைக் கையால் கலைத்துவிட்டு வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ எடுங்கள். கேமராவைத் திருப்பி இன்னொன்றும் எடுங்கள். இரண்டிலும் அதே இடத்தில் மங்கலான கறுப்பு வட்டம் இருந்தால் சென்சார் கண்ணாடியில் தூசி. இதற்காகப் பயப்பட வேண்டாம், ரப்பர் புளோயரில் (கையால் அமுக்கிக் காற்று ஊதும் பந்து) போய்விடும். (படம் சென்சாரில் தலைகீழாக விழுவதால், மேலே தெரியும் தூசி உண்மையில் கீழே இருக்கும்.) நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை, கூர்மையான கோடாக இருந்தால் கீறல். இரண்டில் எது இருந்தாலும் வாங்காதீர்கள்.

இரண்டாவது படம் இருட்டில். லென்ஸ் மூடியைப் போட்டு, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரையும் துணியால் மறைத்து, ஐஎஸ்ஓ 800, 30 விநாடி. இதற்கு முன் ‘லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்’ அணைந்திருக்க வேண்டும். அது இன்னொரு இருட்டுப் படம் எடுத்துக் கழித்துவிடும். நீங்கள் தேடும் குறையே மறைந்துபோகும். சூடும் எலக்ட்ரான்களை விடுவிக்கும் என்பதால் 30 விநாடியில் சில வண்ணப் புள்ளிகள் எந்தக் கேமராவிலும் வரும். ஐஎஸ்ஓ 100, 1/60 விநாடியிலும் அவை இருந்தால்தான் கவலை. பத்து நிமிடம் வீடியோ ஓடவிட்டு, சூடான பிறகும் ஒருமுறை பாருங்கள்.

படத்தின் ஓரத்திலிருந்து ஓரம் வரை நேர்கோடு ஓடினால் பேச்சே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கல்யாண மண்டபம், மேடை நிகழ்ச்சிகளின் லேசர் ஒளி லென்ஸ் வழியாக ஒரே புள்ளியில் குவிந்து சென்சாரைச் சுட்டிருக்கலாம். அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது, சென்சாரையே மாற்ற வேண்டும்.

வாங்கிய பிறகு சென்சாரை வாயால் ஊதவே ஊதாதீர்கள், எச்சில் துளி காய்ந்து ஒட்டிக்கொள்ளும். கேமராவின் ‘சென்சார் கிளீனிங்’ முறையை இயக்கி, லென்ஸைக் கழற்றிய வாய்ப்பகுதி கீழே பார்க்கப் பிடித்து, புளோயரால் ஊதுங்கள். போகவில்லை என்றால் ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 16 மி.மீ., ஃபுல் ஃபிரேமுக்கு 24 மி.மீ. ஸ்வாபில் (துடைக்கும் குச்சி) சென்சார் துடைக்கும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, ஒரு பக்கத்தால் இடமிருந்து வலம் ஒரே இழுப்பு. மறுபக்கத்தால் திரும்ப ஓர் இழுப்பு. அதே ஸ்வாபால் மூன்றாவது முறை துடைத்தால் எடுத்த தூசியையே தேய்ப்பீர்கள்.

கேள்வி: புது போனில் வீட்டுக்குள் வீடியோ எடுத்தால் பட்டை பட்டையாகக் கோடு நகர்கிறது. சென்சார் பழுதா? – கடலூர் வாசகர்

பதில்: வெயிலில் எடுத்துப் பாருங்கள். அங்கே கோடு இல்லை என்றால் பழுது இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுங்கும். சென்சாரோ வரிவரியாக, ஒன்றன்பின் ஒன்றாகப் பதிகிறது. விளக்கு மங்கிய நொடிப்பொழுதில் பதிந்த வரிகள் பட்டையாகின்றன. கேமரா அமைப்பில் ஆன்டி-ஃபிளிக்கரை (மினுங்கல் தடுப்பு) 50 ஹெர்ட்ஸில் வையுங்கள், அல்லது ஷட்டரை (ஒளி பதியும் நேரம்) 1/50 அல்லது 1/100 விநாடியில் நிறுத்துங்கள். வெயிலிலும் கோடு தெரிந்தால் அந்த வீடியோவையும் பில்லையும் எடுத்துக்கொண்டு வாரன்டி முடியுமுன் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்; வேலைச் சீட்டு வாங்காமல் போனைக் கொடுக்காதீர்கள். தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம்.