கமராவை மணலில் வைக்காதீர்கள், ஒரு சாண் தூக்குங்கள்

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மாமா தந்த பழைய பென்டாக்ஸ் கே1000 பிலிம் கமரா, அதோடு வந்த 50 மி.மீ லென்ஸ். கடற்கரை மணலில் கமராவை அப்படியே வைத்து வள்ளங்களையும் நண்டுகளையும் எடுத்தாராம். கழுவி வந்த படங்களில் கீழ்ப்பாதி கலங்கல், வள்ளம் கரிக்கட்டை, கடல் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. தரையில் வைத்தால் வியூஃபைண்டரில் கண் வைக்க முடியவில்லை, மேலிருந்து குனிந்து பார்க்க வியூஃபைண்டரில் பூட்டும் ஆங்கிள் ஃபைண்டர் வாங்கினால் சரிவருமா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று குறையில் சாய்வை மட்டும்தான் அது தீர்க்கும், அதுவும் கைக்காசு செலவில்லாமல் தீரக்கூடியது.

கலங்கலைப் பார்ப்போம். மணலில் வைத்த கே1000இன் லென்ஸ் நடு, தரையிலிருந்து ஏறக்குறைய 5 செ.மீ உயரத்தில் இருக்கும். கமராவைக் கிடையாக வைத்தால் 50 மி.மீ லென்ஸ் மேலும் கீழுமாக 27 பாகை பார்க்கும், அதனால் ஒரு சாண் தள்ளி இருக்கும் மணலே படத்துக்குள் வந்து விழுந்துவிடுகிறது. நீங்களோ லென்ஸ் துவாரத்தை எஃப் 16 வரை மூடி ஒரு மீட்டரில் ஃபோகஸ் வைத்தாலும் தெளிவாக வருவது சுமார் 84 செ.மீ முதல் 124 செ.மீ வரைதான். அதற்கு முன்னால் கிடக்கும் மணல் முழுக்கக் கலங்காமல் என்ன செய்யும்? லென்ஸ் நடு ஒரு சாண் உயரத்துக்கு வரும்படி கமராவைத் தூக்கிப் பாருங்கள், படத்தின் கீழ்விளிம்பு 90 செ.மீ அளவுக்குத் தள்ளிப் போய்விடும், அதாவது தெளிவு தொடங்கும் இடத்திலேயே படமும் தொடங்கும். பார்ப்பவருக்கு அது அப்போதும் தரையோடு எடுத்த படம்தான், ஒரு சாண் தூக்கியதை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

தூக்குவதற்கு ஸ்டாண்ட் தேவையில்லை. பழைய காற்சட்டைக் கால் ஒன்றை வெட்டி இரு பக்கமும் தைத்து முக்கால்வாசி அரிசி போட்டால் போதும். முழுக்க நிரப்பினால் கமரா அதில் பதியாது, உருளும்.

தூரத்தைக் கண்ணால் மதிக்காமல் அளந்து வையுங்கள். லென்ஸில் உள்ள தூர எண்கள் பிலிம் இருக்கும் இடத்திலிருந்து, அதாவது கமராவின் முதுகிலிருந்து கணக்கு, லென்ஸ் முகப்பிலிருந்து இல்லை. கிட்டத்தில் இந்த வித்தியாசமே படத்தைக் கெடுத்துவிடும். டேப் இல்லையென்றால் முழங்கையால் அளக்கலாம், இரண்டு முழம் 90 செ.மீ வரும்.

ஆனால் நண்டும் வேண்டும், பின்னால் வள்ளமும் தெளிவாக வேண்டும் என்றால் 50 மி.மீ உதவாது. எஃப் 16இல் 28 மி.மீ லென்ஸை 1.6 மீட்டரில் வைத்தால் 80 செ.மீயிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக விழும். ஆங்கிள் ஃபைண்டருக்கு ஒதுக்கிய காசை இதில் போடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. அகன்ற லென்ஸ் கூடுதலாகத் தரையைப் பார்க்கும், ஆகவே ஒரு சாணுக்குப் பதிலாக ஒன்றரைச் சாண் தூக்குங்கள்.

சாய்வு சின்ன விஷயம். இந்த உயரத்தில் குப்புறப் படுத்தால் கண் வியூஃபைண்டருக்கு எட்டும். ஒருதரம் பார்த்துக் கடல்கோட்டை நேராக்கி, கமராவைப் பையில் அழுத்திவிட்டு எழும்பிவிடலாம். ஷட்டர் பொத்தானில் மரை இருக்கிறது, பொத்தானைத் தூரத்திலிருந்து அமுக்கும் கேபிள் ரிலீஸைப் பூட்டுங்கள், கே1000இல் செல்ஃப் டைமர் கிடையாது. நீங்கள் பக்கத்தில் அசைந்துகொண்டிருக்கும்வரை நண்டு வளையை விட்டு வராது, எனவே காற்றுப் பந்தை அமுக்கும் நீளக்குழாய் ரிலீஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. கமரா வாரைப் பின்பக்கம் ஒதுக்கி வையுங்கள், தாழ வைத்த படங்களில் மூலையில் கறுப்பாக வளைந்து தெரிவது பெரும்பாலும் அந்த வார்தான்.

சரி, வள்ளம் ஏன் கறுத்தது? லென்ஸ் இருக்கும் உயரத்தில்தான் கடல்கோடு விழும், அதைவிட உயரமான எல்லாம் வானத்துக்குள் ஏறிவிடும். படத்தில் பாதி வானம், கமராவின் வெளிச்ச மீட்டர் அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஏமாந்துபோகிறது. கமராவை வைப்பதற்கு முன்பே உள்ளங்கையை, வள்ளத்தில் விழும் அதே வெளிச்சத்தில் பிடித்து அளந்து, அதற்கு மேல் ஒரு ஸ்டாப் கூட்டி, அதாவது வெளிச்சம் இரண்டு மடங்காகும்படி வையுங்கள். நெகட்டிவ் பிலிம் கூடிய வெளிச்சத்தைத் தாங்கும், குறைந்ததைத் தாங்காது. உச்சி வெயிலில் 200 ஐ.எஸ்.ஓ பிலிமுக்கு எஃப் 16, ஷட்டர் வேகம் 1/250 என்ற பழைய கணக்கே போதும். (கெனன் ஏஈ-1 போலத் தானாக வெளிச்சம் கணக்கிடும் கமரா வைத்திருப்பவர்கள், கண்ணை எடுத்ததும் வியூஃபைண்டரின் ஐபீஸை மூடிவிட வேண்டும், அதன் வழியே புகும் வெளிச்சமும் மீட்டரைக் குழப்பும். கே1000காரருக்கு அந்தக் கவலை இல்லை.)

நேரமும் பாருங்கள். கல்லடியில் காலையில் கடலைப் பார்த்து எடுத்தால் சூரியன் எதிரே நிற்கும், வள்ளம் கறுக்கத்தான் செய்யும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வெயில் வாவிப் பக்கமிருந்து, உங்கள் முதுகுக்குப் பின்னால் வரும். வள்ளத்தின் பெயின்ட் நிறம் அப்போதுதான் எடுபடும். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நின்று வாவியைப் பார்த்து எடுக்கிறவர்களுக்கும் இதே திசைக் கணக்குத்தான்.

கடைசியாக மணல். சொப்பிங் பையால் கமராவைச் சுற்றி, லென்ஸ் முகப்பை மட்டும் வெளியே விட்டு இறப்பர் பட்டி போடுங்கள். ஃபில்டரில் மணல் பட்டால் சட்டையால் துடைக்காமல் ஊதுபந்தால் ஊதுங்கள். ரோல் முடிந்தால் கரையில் நின்று மாற்ற வேண்டாம், வீட்டுக்கு வந்து மாற்றுங்கள். பிலிம் குப்பியின் வாயில் இருக்கும் வெல்வெட் துணியில் ஒரே ஒரு மணல் சிக்கினாலும் அதை உரசிக்கொண்டுதான் முழு ரோலும் வெளியே வரும். உங்கள் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஓரத்துக்குச் சமாந்தரமாக ஒரு கீறல் படத்துக்குப் படம் ஒரே இடத்தில் ஓடினால் மணல் உள்ளே போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பின்கதவைத் திறந்து, ஷட்டர் திரையைத் தொடாமல், மெல்லிய தூரிகையால் உள்ளே தட்டிவிட்டு அடுத்த ரோலைப் போடுங்கள்.