பட்டாளம் காலி பண்ண நிலத்தை எப்படி விக்கிறது? கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

நிலம் அளக்குற வேலைல இருந்து ரிட்டயர் ஆனவன் நான், வீடு ஓட்டேரி. போன வாரம் டீக்கடைல எல் டோரோ கதைய ஆரம்பிச்சேன், அதுல இருந்து ஆளாளுக்கு கேக்குறாங்க. அமெரிக்கால, கலிபோர்னியாவுல இர்வைன் பக்கத்துல, கடற்படைய சேர்ந்த மரைன் படையோட விமான தளம் அது, 1999ல மூடிட்டாங்க, அந்த நிலத்தை என்ன பண்றதுன்னு ஊரே அடிச்சிக்கிச்சு.

வியாசர்பாடி தம்பி: அண்ணா, ஏலம் விட்டு அதிகமா கேக்குறவனுக்கு குடுத்தா முடிஞ்சுது, இதுல யோசிக்க இன்னா இருக்கு?

அங்கயும் ஏலம்தான் தம்பி, ஆனா எது முன்ன எது பின்னன்னு பாரு. மாவட்ட நிர்வாகம் ஏர்போர்ட் கட்டணும்னு நின்னுச்சு, சுத்தி இருந்தவங்க சத்தம் தாங்காதுன்னு மல்லுக்கட்டி 2002ல ஓட்டு போட்டு பார்க்னு மாத்திட்டாங்க. அப்புறம் இர்வைன் நகராட்சி அந்த இடத்தை தன் எல்லைக்குள்ள இழுத்து ரூல் போட்டுச்சு, பார்க்குக்கு நிலமும் ரோடு போட காசும் குடுத்தா நிறைய கட்டிக்கோ, இல்லன்னா கொஞ்சம்தான்னு. இதெல்லாம் எழுதி வெச்ச பிறகுதான் 2005ல கடற்படை இன்டர்நெட்ல ஏலம் விட்டுது, சுமார் 3,700 ஏக்கர், நாலு துண்டு, மொத்தம் 64.95 கோடி டாலர். பார்க்குக்கு 1,300 ஏக்கருக்கு மேல கிடைச்சுது. வித்து முடிச்சிட்டு போய் பார்க்குக்கு இடம் விடுன்னா எவன் விடுவான்? பின்னி மில்லு மூடி, ஷூட்டிங் நடந்து, அப்புறம் அபார்ட்மென்ட் ஆச்சே, அது கம்பெனி நிலம், நாம கேக்க முடியாது. பட்டாளத்து நிலம் அப்படியா, நம்ம வரிப்பணம்.

தண்டையார்பேட்டை: பார்க் உடனே வந்துடுச்சா சார்?

எங்க! 2007, 2008ல அங்க வீட்டு மார்க்கெட் படுத்துச்சு, வேலையும் கூடவே படுத்துச்சு. ரொம்ப நாளைக்கு அங்க பேர் சொல்ற மாதிரி இருந்தது ஒரு பெரிய ஆரஞ்சு கலர் பலூன்தான், ஏறி சுத்திப் பாத்துட்டு வரலாம். நாலு துண்டையும் லெனார்னு வீடு கட்டி விக்கிற ஒரே கம்பெனியே எடுத்துச்சு, நான் அதிகாரியா இருந்தா ஒருத்தன் கைலயே மொத்தத்தையும் குடுத்திருக்க மாட்டேன், அவன் உக்காந்தா எல்லாமே உக்காந்துடும்.

எண்ணூர் அக்கா: பிளேன் நின்ன இடமாச்சே தம்பி, மண்ணு சுத்தமா இருக்குமா?

இருக்காதுக்கா. பார்ட்ஸ்ல கிரீஸ் எடுக்குற டிசிஇன்னு ஒரு கெமிக்கல் நிலத்தடி தண்ணில கலந்து தளத்தோட எல்லையே தாண்டிடுச்சு. சுத்தமாகாத பகுதிய உடனே பத்திரம் பண்ணாம லீஸ்ல குடுத்தாங்க, சுத்தம் பண்ற பொறுப்பு கடற்படை தலையில. எண்ணூர்ல இருக்குற உங்களுக்கு நான் சொல்லணுமா, அழுக்கு யார் கணக்குன்னு முதல்லயே எழுதி வாங்கலன்னா கடைசில குடியிருக்கிறவன் கணக்குதான்.

புளியந்தோப்பு: எங்க பக்கத்து ஏரியா பேரே பட்டாளம், ரோடு பேரு பெரம்பூர் பேரக்ஸ் ரோடு. இப்ப ராணுவம் எங்கயாவது நிலத்தை விட்டா நம்ம கார்ப்பரேஷன் விக்க முடியுமா?

முடியாது. அது மத்திய அரசு நிலம், கணக்கு பாக்க டிபென்ஸ் எஸ்டேட்ஸ்னு தனி டிபார்ட்மென்ட் இருக்கு. ரோடு, மேம்பாலத்துக்கு இடம் வேணும்னா மாநில அரசு அதே மதிப்புக்கு ராணுவத்துக்கு ஏதாவது கட்டிக் குடுத்து வாங்குற வழக்கம் உண்டு. நம்மால முடிஞ்சது, அங்க எவ்ளோ கட்டலாம் எவ்ளோ காலியா விடணும்ங்கிற ரூல். இர்வைன் பண்ணதும் அதான்.

ராயபுரம்: வித்த காசு யாருக்கு?

பிலிப்பைன்ஸ்ல அந்த காசை எப்படி பிரிக்கிறதுன்னு 1992லயே சட்டம் போட்டாங்க, மணிலாவுல ராணுவ முகாமா இருந்த போனிஃபாசியோ கோட்டை நிலத்தை 1995ல வித்தப்போ ராணுவத்தை நவீனமாக்கவும் ஒரு பங்கு. இப்ப அங்க எல்லாம் கண்ணாடி பில்டிங்.

கொடுங்கையூர்: மிலிட்டரி ஏலத்துல எடுத்த இடம்னு ஆவடி பக்கம் ஒரு புரோக்கர் காட்டுறார் சார், அட்வான்ஸ் குடுக்கலாமா?

ஏல உத்தரவு, தாய்ப் பத்திரம், வில்லங்கம், மூணும் கைல வராம அஞ்சு பைசா எடுக்காத. கேட்டா நாளைக்கு தரேன்பான், அட்வான்ஸையும் நாளைக்கே தரேன்னு சொல்லு.